கட்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனி எது? முதன்முறை தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணம் படைத்தவர்கள்தான் அரசாங்கத்தை நடத்துகிறார்கள் என்று டீக்கடையிலிருந்து வாட்ஸப் குழு வரை எல்லோரும் சொல்கிறோம். யார் கொடுத்தார், எந்தக் கட்சிக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. இந்தியாவில் இந்தக் கேள்விகளில் பாதிக்காவது காகிதத்தில் பதில் இருக்கிறது. அது ஒரே இடத்தில் இல்லை. தேர்தல் ஆணையத்தில் கொஞ்சம், கம்பெனிப் பதிவாளரிடம் கொஞ்சம், டெண்டர் தளத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. இவற்றை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வக்கீலாகவோ நிருபராகவோ இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் எக்ஸெல் திறக்கத் தெரிந்தால் போதும். பொறுமை நிறைய வேண்டும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"கார்ப்பரேட்டுகள் நாட்டை வாங்கிவிட்டார்களா?" என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது. "எங்கள் ஊர்ப் பாதாளச் சாக்கடை வேலையை எடுத்த நிறுவனம் கடந்த ஐந்து வருடத்தில் எந்தக் கட்சிக்காவது நன்கொடை கொடுத்ததா?" என்பதற்குக் கிடைக்கும். ஒரு நிறுவனம், ஒரு கட்சி, ஒரு காலகட்டம் என்று மூன்றில் இரண்டையாவது முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

பணம் எந்த வழியாகப் போகிறது

வழிகள் நான்கு. கம்பெனி நேரடியாகக் கட்சிக்குக் காசோலை கொடுக்கலாம். தேர்தல் அறக்கட்டளைக்குக் கொடுத்து, அது கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 2018 முதல் 2024 பிப்ரவரி வரை தேர்தல் பத்திரம், அதாவது வாங்கியவர் பெயர் வெளியே தெரியாத ஸ்டேட் வங்கிப் பத்திரம், வாங்கிக் கொடுக்க முடிந்தது. கட்சி அதை வங்கியில் பணமாக்கிக்கொள்ளும். நான்காவது ரொக்கம். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. 2017-க்குப் பிறகு ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வருமான வரி விலக்குக்கு ஆபத்து என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை என்ன என்பது தேர்தல் நேரத்தில் நம் தெருவிலேயே தெரியும்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: 7.5 சதவீதம். கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆவது பிரிவு சொல்லியிருந்தது. 2017-ல் நிதிச் சட்டத்தோடு சேர்த்து இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டத் தேவையில்லை, மொத்தத் தொகையைக் காட்டினால் போதும் என்றும் மாற்றினார்கள். தேர்தல் பத்திரத்தை எல்லோரும் திட்டினார்கள், சரி. என் பார்வையில் அதைவிடப் பெரிய கேடு இந்த வரம்பை எடுத்ததுதான். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானால், அது யாருடைய பணம் என்ற கேள்வியே செத்துப்போகிறது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்தே ரத்து செய்தது. ஆகவே 7.5 சதவீத வரம்பு மறுபடி உயிரோடு இருக்கிறது. நீங்கள் பார்க்கும் கணக்கு அந்த இடைக்காலத்தைச் சேர்ந்ததா, இப்போதையதா என்பதை முதலில் கவனியுங்கள்.

தேர்தல் பத்திரப் பட்டியல்: இங்கிருந்து தொடங்குவது நல்லது

புதிதாகத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. திட்டம் செத்துவிட்டது, ஆவணம் முழுசாக இருக்கிறது. தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

மூன்று தவணையாக வெளியானதால் எதை எடுப்பது என்று குழப்பம் வரும். 2024 மார்ச் 14 அன்று வந்தவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள்: யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது. இரண்டையும் இணைக்க எந்த வழியும் அதில் இல்லை. மார்ச் 17 அன்று, கட்சிகள் முன்பு மூடிய உறையில் கொடுத்திருந்த விவரங்கள் வந்தன. பத்திர எண்களோடு முழுப் பட்டியல் வந்தது மார்ச் 21 அன்று. உங்களுக்கு வேண்டியது இதுதான். ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கியை நீதிமன்றம் விடாமல் பிடித்ததால்தான் நம் கைக்கு இது வந்து சேர்ந்தது.

அதைத் திறந்தால் வாங்கியவர் பட்டியலில் தேதி, பெயர், முன்னெழுத்து, பத்திர எண், மதிப்பு, கிளைக் குறியீடு என்று பத்திகள் இருக்கும். கட்சிகள் பட்டியலில் பணமாக்கிய தேதி, கட்சியின் பெயர், அதே முன்னெழுத்து, அதே எண். முன்னெழுத்து மதிப்பைக் குறிக்கிறது. ஒரு கோடிக்கு "ஓ.சி.", பத்து லட்சத்துக்கு "டி.எல்.", ஒரு லட்சத்துக்கு "ஓ.எல்.", பத்தாயிரத்துக்கு "டி.டி.", ஆயிரத்துக்கு "ஓ.டி.". புதியவர்கள் விழும் பள்ளம் இங்கே இருக்கிறது. எண்ணை மட்டும் வைத்து இரண்டு பட்டியலையும் பொருத்தினால், ஒரே எண் உள்ள கோடி ரூபாய்ப் பத்திரமும் பத்து லட்சப் பத்திரமும் ஒன்றாகிவிடும். கொடுக்காத கட்சிக்குக் கொடுத்ததாகக் கணக்கு வரும். முன்னெழுத்தையும் எண்ணையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி ஒரு புதுப் பத்தியில் வையுங்கள். அதை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

இரண்டாவது பள்ளம் பெயர்கள். ஒரே கம்பெனியின் பெயர் ஓரிடத்தில் "லிமிடெட்" என்று முழுசாகவும் இன்னோரிடத்தில் சுருக்கியும் இருக்கும். "அண்ட்" என்ற சொல் ஒரு வரியில் எழுத்தாக, மறு வரியில் குறியாக. கூட்டிப் பார்ப்பதற்கு முன் பெயர்ப் பத்தியை அகர வரிசைப்படுத்தி, கண்ணால் ஓட்டி, ஒரே மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான். இதைச் செய்யாமல் வெளியிட்ட தொகை எதையும் நான் நம்புவதில்லை.

பழகிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: இந்தப் பட்டியலில் முதலிடம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருக்கிறது. அடுத்தது ஹைதராபாத்தின் மேகா இன்ஜினியரிங், 966 கோடி. ஃபியூச்சர் கேமிங்கை மட்டும் வடிகட்டிப் பொருத்திப் பாருங்கள். திரிணமூல் காங்கிரஸ், தி.மு.க., ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. என்று பல கட்சிகள் வரிசையாக வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்யப்பட்ட தொழில் லாட்டரி. அந்தத் தொழில் நடத்தும் நிறுவனம் 2021-ல் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறது. தி.மு.க. தன் நன்கொடையாளர் பெயர்களை ஆணையத்திடம் தானாகவே சொன்ன சில கட்சிகளில் ஒன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அது மொத்தம் வாங்கிய 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே நிறுவனத்தினுடையது. பட்டியலில் மிக அதிகமாக வாங்கிய கட்சி பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல். மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வேண்டாம் என்று மறுத்து வழக்கும் போட்டது. உங்களுக்குப் பிடித்த கட்சியும் பிடிக்காத கட்சியும் ஒரே பட்டியலில் இருக்கும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்காமலிருப்பது நல்லது.

ஒரு குறை: இந்தப் பட்டியல் 2019 ஏப்ரல் 12-க்குப் பிந்தையது மட்டுமே. திட்டத்தின் முதல் ஓராண்டுப் பத்திரங்களை வாங்கியவர்கள் யார் என்று இதில் இருக்காது.

காசோலையும் அறக்கட்டளையும்

பத்திரம் போன பிறகு பெரிய பணம் இந்த இரண்டு வழிகளுக்குத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு கட்சியும் ஆண்டுதோறும் நன்கொடை அறிக்கை ஒன்றைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். 24-ஏ படிவம் என்பார்கள். ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, எந்த வழியில் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல அறிக்கைகள் ஸ்கேன் செய்த படங்கள். தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் வராது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். முகவரிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு பெயரில் நாலு கம்பெனி, ஒரே கட்டடம், ஒரே மாடி என்று அகப்படுவது அங்கேதான்.

20,000 ரூபாய்க்குக் கீழே வந்ததைப் பெயர் சொல்லாமலே விடலாம். பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக 20,000-க்கு மேல் ஒருவரும் கொடுக்கவில்லை என்றே அறிக்கை கொடுத்து வருகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு வழியில்லை.

தேர்தல் அறக்கட்டளைகள் 2013 திட்டத்தின் கீழ் வந்தவை. ஆண்டில் வரும் பணத்தில் குறைந்தது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துவிட வேண்டும். அவற்றில் பெரியது ப்ரூடென்ட். டாடா குழுமத்தினுடையது ப்ரோக்ரசிவ். அவற்றின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு, இரண்டும் தேதியோடு இருக்கும். எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று மட்டும் நேராகச் சொல்லாது. ஒரு கம்பெனி கொடுத்த இரண்டு நாளில் அதே தொகை ஒரு கட்சிக்குப் போயிருந்தால் குறித்துவையுங்கள். குறிப்பு அவ்வளவுதான், முடிவு அல்ல.

அந்தக் கம்பெனி யார்

மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால் 21 எழுத்து கொண்ட பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணிலேயே பாதி விஷயம் இருக்கிறது. முதல் எழுத்து, பங்குச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும். அடுத்த ஐந்து இலக்கம் தொழிலின் வகை. அப்புறம் மாநிலம். "டி.என்." என்றால் சென்னைப் பதிவாளர், "டி.இசட்." என்றால் கோயம்புத்தூர்ப் பதிவாளர். அதையடுத்து கம்பெனி தொடங்கிய ஆண்டு. இந்த ஆண்டை முதலில் பாருங்கள். மூன்று நிதியாண்டு முடிக்காத கம்பெனி கட்சிக்குக் கொடுக்கவே கூடாது.

இயக்குநர்கள் பெயர் இலவசமாகத் தெரியும். ஒரே இயக்குநர் வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதையும் பிடிக்கலாம். 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனியின் வருடாந்தரக் கணக்குகளையும் பங்குதாரர் விவரத்தையும் திறந்து பார்க்கலாம். பார்க்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. திறந்ததும் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் நிதானமாகப் படியுங்கள். நிகர லாபம் எவ்வளவு, அதே ஆண்டில் கொடுத்த நன்கொடை எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள்.

க்விக் சப்ளை செயின் என்ற, அதுவரை வெளியில் யாரும் அறியாத நிறுவனம் 410 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. பட்டியல் வந்ததும் நிருபர்கள் இப்படித்தான் அதன் கணக்கைத் திறந்தார்கள். 2021-22-ல் அது வாங்கிய பத்திரம் 360 கோடி. அந்த ஆண்டு அதன் நிகர லாபம் 22 கோடிக்கும் குறைவு. ரிலையன்ஸ் குழுமத்தோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, அது தங்கள் துணை நிறுவனம் இல்லை என்று ரிலையன்ஸ் மறுத்தது. 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் இது.

அரசிடமிருந்து என்ன கிடைத்தது

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் விடுவதும் முடிவு சொல்வதும் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநில அரசின் டெண்டர் தளத்தில் முடிந்த டெண்டர்களையும் பார்க்கலாம். அங்கே நான் முதலில் பார்ப்பது எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பதைத்தான். தொழில்நுட்பத் தகுதியில் எத்தனை பேரைத் தள்ளினார்கள், விலை உறையைத் திறந்தபோது எத்தனை பேர் மிஞ்சினார்கள்? இரண்டே பேர் மிஞ்சி, இரண்டு விலைக்கும் வித்தியாசம் சொற்பமாக இருந்தால், அந்த இரண்டாவது கம்பெனியின் இயக்குநர்களையும் போய்ப் பாருங்கள். டெண்டர் அறிவிப்பில் தகுதி நிபந்தனை என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒருவருக்கு மட்டுமே பொருந்தும்படி அனுபவம் கேட்டிருந்தால், முடிவு அறிவிப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

எல்லாமே டெண்டராக வராது. நில ஒதுக்கீடு, குவாரி உரிமம், வரிச் சலுகை, மின்கொள்முதல் ஒப்பந்தம் இவை அரசாணையாக வரும். சட்டமன்றத்தில் துறைவாரியாக வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும் பொதுவெளியில் இருக்கின்றன. தணிக்கை அறிக்கை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் எழுதியது என்பதால் அதற்கு இருக்கும் கனம் வேறு.

தேதிகளை வரிசையில் வையுங்கள்

இதுவரை சேர்த்ததெல்லாம் இதற்காகத்தான். ஒரே தாளில் தேதிவாரியாக எழுதுங்கள்: நன்கொடை, டெண்டர் அறிவிப்பு, டெண்டர் முடிவு, சோதனை, கைது, வழக்கு, அரசாணை.

ஆரபிந்தோ ஃபார்மா விஷயத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம். டெல்லி மதுக்கொள்கை வழக்கில் அதன் இயக்குநர் ஒருவரை அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்கிறது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்குகிறது. அதைப் பணமாக்கியது பா.ஜ.க. 2023 ஜூனில் அந்த இயக்குநர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆகிறார். அதற்குப் பிறகும் கம்பெனியின் பத்திரங்கள் பா.ஜ.க.வுக்குப் போகின்றன. நேர்மையாக எழுத வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்: கைதுக்கு முன்பே இந்தக் கம்பெனி தெலங்கானாவின் பாரத ராஷ்டிர சமிதி உள்ளிட்ட வேறு கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது. தேதிகள் அடுத்தடுத்து இருப்பதால் மட்டும் பேரம் நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் கேள்வி கேட்க முழு நியாயம் உண்டு. இப்படிப்பட்ட பரிமாற்றங்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரிக்க வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பட்டியலை வெளியே கொண்டுவந்த அதே நீதிமன்றம் அடுத்த அடியையும் எடுத்திருக்கலாம்.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வேட்புமனுவோடு கொடுத்த படிவம் 26 தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். சொத்துப் பட்டியலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைத் தாண்டிப் போனால், அவரோ மனைவியோ, கணவரோ, சார்ந்திருப்பவர்களோ, அவர்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனியோ அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் என்று தனியாக ஓர் இடம் உண்டு. "இல்லை" என்று எழுதியிருந்தால் டெண்டர் தளத்தில் போய்ச் சரிபாருங்கள். முந்தைய தேர்தலில் அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மைநேதா தளம் இதற்கு வசதி.

பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்று 2022-ல் செலவு வரம்பு வைத்தார்கள். கட்சி செலவழிப்பதற்கு வரம்பே கிடையாது. கம்பெனிப் பணம் கட்சிக்குப் போவது எதனால் என்று இதிலேயே புரியும்.

ஆர்.டி.ஐ. மனு

தளத்தில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளில் மாநிலத் தகவல் ஆணையம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. போன் செய்து காரணம் கேட்டால் சட்டத்தின் 6(2) பிரிவைச் சொல்லுங்கள்.

"ஏன் இந்தக் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள்?" என்று எழுதினால், விளக்கம் தர இயலாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள், இப்படி:

"மேற்கண்ட பணிக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின் நகல், கலந்துகொண்ட எல்லா ஒப்பந்ததாரர்களின் பெயரும் விலையும் அடங்கிய ஒப்பீட்டுப் பட்டியலின் நகல், பணி ஆணையின் நகல், இதுவரை பட்டுவாடா செய்த தொகையின் விவரம், பணியின் எம்-புக் நகல்."

எம்-புக் என்பது வேலையை அளந்து எழுதும் புத்தகம். போடாத ரோட்டுக்குப் பணம் போயிருந்தால் அங்கேதான் தெரியும். வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுப்பது வழக்கமாக வரும் பதில். ஒப்பந்தம் கையெழுத்தாகி முடிந்த பின் அதில் என்ன ரகசியம், பொதுப் பணத்தில் பொதுநலன் இல்லையா என்று மேல்முறையீட்டில் கேட்கலாம்.

கட்சிகளிடமே கேட்கலாமே என்று தோன்றும். அப்போதிருந்த ஆறு தேசியக் கட்சிகளும் ஆர்.டி.ஐ.க்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கட்சியும் அதை ஏற்று நடக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை!

வெளியே சொல்வதற்கு முன்

கிடைத்ததை எழுதும்போது ஆவணம் சொல்வதை மட்டும் எழுதுங்கள். "இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தது, இந்தத் தேதியில் இந்த வேலை கிடைத்தது" என்பது உண்மைத் தகவல். "லஞ்சம்" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறு இன்னமும் குற்றம்தான். கம்பெனிக்கும் அலுவலகத்துக்கும் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் சொல்ல நாலைந்து நாள் கொடுங்கள். பதில் வந்தால் முழுசாகப் போடுங்கள்.

உள்ளூர் கான்ட்ராக்டரைப் பற்றித் தேடும்போது தனியாகப் போகாதீர்கள். தில்லியில் இருக்கும் பெரிய கம்பெனியைவிட, உங்கள் வீடு எது என்று தெரிந்த ஆள்தான் ஆபத்து. மணல், குவாரி விஷயத்தில் மனுப் போட்டவர்களைத் தாக்கியதும் கொன்றதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு மனுவாகப் போடுங்கள். நகல்களை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பழக்கமான நிருபர் ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கட்டும்.

எப்போது தேடுவது? கம்பெனிகள் செப்டம்பர் இறுதிக்குள் பொதுக்குழுவைக் கூட்டி, அதன் பிறகு 30 நாளில் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கட்சிகள் நன்கொடை அறிக்கையை வருமான வரிக் கணக்கின் கெடு தேதிக்குள் கொடுக்க வேண்டும். எப்போதும் சொன்ன தேதியில் தளத்தில் ஏறிவிடாது. நவம்பரில் ஒருமுறை, பொங்கல் முடிந்து ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்தால் முந்தைய நிதியாண்டின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.